சனிக்கிழமை வாத்தியாரும் ஞாயிற்றுக்கிழமைப் பிழைப்பும்

(அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்)



நான் அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் நம் நண்பர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஏம்ப்பா, அங்கே காலேஜ் பசங்க ஆடற மேட்சுக்கு லட்சம் பேர் கூடறாங்களாமே, நெசமா?" நிஜம்தான். மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். சனிக்கிழமை மேட்ச் என்றால் அது நிரம்பி வழியும். நம் பேரப்பிள்ளைகள் சிலர் அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இந்த ஆட்டத்தை ஆடவே ஆரம்பித்துவிட்டார்கள். எனவே மலருக்காக இதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

எழுத எடுத்துக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்று. கல்லூரியில் ஒரு பையனுக்கு வாய்க்கிற கோச், பிற்காலத்தில் அந்தப் பையனின் பிழைப்பை எப்படித் தீர்மானிக்கிறார்? வரலாற்றைப் புரட்டினால் இதற்கு நல்ல பதிலும் கிடைக்கிறது, வருத்தமான பதிலும் கிடைக்கிறது.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நாம் காலால் உதைக்கிற ஆட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்து. அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், தூக்கி எறியலாம். எதிராளி ஓடிவந்து முட்டித் தள்ளிக் கீழே சாய்ப்பான். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக் என்பவன் கைக்கு. எறிவதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதை இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவு செய்ய வேண்டியவன் அவன். டீமுக்கே மூளை மாதிரி.

கல்லூரி மேட்ச் பெரும்பாலும் சனிக்கிழமை. சம்பளத்துக்கு ஆடுகிற என்.எஃப்.எல். மேட்ச் ஞாயிற்றுக்கிழமை. "அவன் ஞாயிற்றுக்கிழமை ஆடப் போறவன்" என்று அங்கே யாராவது சொன்னால், பையன் தொழில்முறை ஆட்டத்துக்குத் தேறிவிட்டான் என்று அர்த்தம்.

நம் கிரிக்கெட்டில் ஒரு பையன் கல்லூரி வாசலை மிதிக்காமலே கிளப், மாவட்டம், ரஞ்சி என்று மேலே போய்விடலாம். இங்கே அந்த வழி கிடையாது. பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று வருஷமாவது ஆகாதவனை என்.எஃப்.எல். சேர்த்துக்கொள்ளாது. அந்த வருஷங்களைக் கழிக்கக் கல்லூரியை விட்டால் வேறு நல்ல இடமும் இல்லை. ஆக, 18 வயதுப் பையன் ஏதாவது ஒரு கல்லூரி கோச்சின் கையில் போய் விழுந்தே ஆகவேண்டும். விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

வாத்தியார்களுக்குப் பிடிக்காத வேலை

முதல் கல்லூரி மேட்ச் நடந்தது 1869 நவம்பர் 6ஆம் தேதி, நியூ ஜெர்சி மாநிலத்தில். ரட்கர்ஸ் கல்லூரி பிரின்ஸ்டனை 6-4 என்று ஜெயித்தது. ஒரு பக்கத்துக்கு 25 பேர்! அப்போது அது ஏறக்குறைய நம் கால்பந்து மாதிரியே இருந்தது. அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு யேல் பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் கேம்ப்புக்கு உண்டு. ஆட்டம் முரட்டுத்தனமாகி, பையன்கள் செத்தே போனார்கள். 1905இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேச வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் பந்தை முன்னால் எறியலாம் என்று விதி வந்தது. அதே வருஷம் பிறந்த சங்கம்தான் பின்னால் என்.சி.ஏ.ஏ. என்ற பெயரில் கல்லூரி விளையாட்டு முழுவதையும் ஆளத் தொடங்கியது.

அந்தக் காலத்துக் கல்லூரி கோச்சுகளுக்கு, காசுக்கு ஆடுவது என்றாலே ஒரு அருவருப்பு. நம் ஊரில் ஒரு காலத்தில் நல்ல குடும்பத்துப் பையன் நாடகக் கம்பெனியில் சேர்ந்தால் வீட்டில் என்ன சொல்வார்களோ, ஏறக்குறைய அதேதான். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெரிய கோச் அலோன்ஸோ ஸ்டாக் 1923இல் ஞாயிற்றுக்கிழமைத் தொழில் ஆட்டத்தைக் கண்டித்து வெளிப்படையாகவே கடிதம் எழுதினார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொழில் ஆட்டத்தை உருவாக்கியவர்கள் இந்த கோச்சுகளின் மாணவர்களேதான். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பாப் ஸப்கியிடம் ஆடியவர் ஜார்ஜ் ஹாலஸ். ஒருவனுக்கு ஆட்டத்தை முழுசாகச் சொல்லிக்கொடுத்து முடிக்கிற நேரத்தில் அவன் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறானே என்று ஸப்கி ஒருமுறை ஆதங்கப்பட்டாராம். அந்தப் பேச்சு தன் மனசில் தங்கிவிட்டது என்று ஹாலஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1920இல் ஒஹாயோ மாநிலத்தின் கேன்ட்டன் நகரில், ஒரு கார் ஷோரூமில் சிலர் கூடி இன்றைய என்.எஃப்.எல்.லுக்கு அஸ்திவாரம் போட்டார்களே, அவர்களில் ஹாலஸும் ஒருவர். சிகாகோ பேர்ஸ் டீம் அவர் வளர்த்தது. நோட்டர் டேம் கல்லூரியில் 1918இல் நூட் ராக்னியிடம் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு, உடம்பு சரியில்லாமல் ஊருக்குத் திரும்பியவர் கர்லி லாம்போ. அடுத்த வருஷமே கிரீன் பே பேக்கர்ஸ் டீமை ஆரம்பித்து, ராக்னியிடம் பார்த்த எறியாட்டத்தை அங்கே கொண்டுபோனார்.

1925இல் வெடித்தது பெரிய சண்டை. ஸப்கியின் மாணவன் ரெட் கிரேஞ்ச் நாடே கொண்டாடிய வீரன். நவம்பர் 21ஆம் தேதி தன் கடைசிக் கல்லூரி மேட்சை ஆடினான். 26ஆம் தேதி ஹாலஸின் டீமுக்குக் காசுக்கு ஆட இறங்கிவிட்டான்! ஸப்கி எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். ஒரு மாணவன் போனான், இன்னொரு மாணவன் அழைத்துக்கொண்டான். வாத்தியார் நடுவில் நின்றார். கல்லூரிகள் போட்ட கூச்சலில், உடன் படித்தவர்கள் பட்டம் வாங்கும்வரை யாரையும் எடுக்கமாட்டோம் என்று என்.எஃப்.எல். விதி செய்தது. இன்றைய மூன்று வருஷ விதிக்கு அதுதான் பாட்டன்.

அன்றைக்குத் தொழில் ஆட்டத்தில் பெரிய காசும் கிடையாது. வீரர்களை டீம்கள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' 1936இல் தொடங்கியது. முதல் ஆண்டின் முதல் பெயர் ஜே பெர்வாங்கர். சிறந்த கல்லூரி வீரனுக்கான ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலாக வாங்கியவர். அவர் தொழில்முறை மேட்ச் ஒன்றுகூட ஆடவில்லை. நுரை ரப்பர் விற்கும் வேலைக்குப் போனார். அது அவருக்கு லாபமாகவும் இருந்தது!

கதவைத் தட்டியவர்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கோச் பால் பிரவுன் 1946இல் கிளீவ்லண்டில் தொழில்முறை டீம் ஒன்றைத் தொடங்கினார். வகுப்பறை, நோட்டுப் புத்தகம், பரீட்சை, ஃபிலிம் என்று வாத்தியார் வேலை முழுவதையும் தொழில் ஆட்டத்துக்குள் கொண்டுவந்தார். 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.லில் ஒரு கறுப்பின வீரர்கூடக் கிடையாது. எழுதாத சட்டம் அது. பிரவுன், ஒஹாயோ ஸ்டேட்டில் தன்னிடம் படித்த பில் வில்லிஸ் என்ற கறுப்பின வீரரைத் தன் டீமில் சேர்த்துக்கொண்டார். அவன் திறமை கோச்சுக்குத் தெரியும். தெரிந்ததால் கதவு திறந்தது.

ஆனால் பெரிய பல்கலைக்கழகத்தின் வாசலையே மிதிக்க முடியாதவர்கள் கதி என்ன? இங்கேதான் நான் மிகவும் மதிக்கிற மனிதர் வருகிறார்.

எட்டி ராபின்சன். பட்டம் வாங்கியபின் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் மாட்டுத் தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு வேலை பார்த்தவர். 1941இல், 22 வயதில், கறுப்பின மாணவர்களுக்கான ஒரு சின்னக் கல்லூரியில் கோச் ஆனார். கிராம்ப்ளிங் என்ற சிற்றூர். பெயருக்குத்தான் கோச், புல் வெட்டுவது, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, பையன்கள் காலுக்குக் கட்டுப் போடுவது, மேட்ச் செய்தியைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புவது எல்லாம் அவரே. 1942இல் அவருடைய டீம் ஒரு பாயின்ட்கூட விட்டுக்கொடுக்காமல் எல்லா மேட்சையும் ஜெயித்தது. ஆனாலும் வெளியுலகத்துக்கு அப்படி ஒரு ஊர் இருப்பதே தெரியாது.

1949இல் டேங்க் யங்கர் என்ற அவருடைய மாணவனை லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் டீம் பரீட்சார்த்தமாகக் கூப்பிட்டது. டிராஃப்டில் யாரும் சீந்தாத பையன். ராபின்சன் அவனிடம் சொல்லி அனுப்பியதன் சாரம் இதுதான்: நீ தோற்றுத் திரும்பினால், நம் மாதிரிக் கல்லூரிப் பையனுக்கு அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. ஒரு பையன் தலையில் எவ்வளவு பாரம் பாருங்கள்! யங்கர் தோற்கவில்லை. 10 சீசன் ஆடினார். கறுப்பினக் கல்லூரியிலிருந்து என்.எஃப்.எல். போன முதல் வீரர் அவரே. அதன் பிறகு பாதை விரிந்தது. வில்லி டேவிஸ், பக் புக்கனன், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் என்று நால்வர் தொழில்முறை ஃபுட்பாலின் கீர்த்தி மண்டபத்திலேயே இடம் பெற்றார்கள். ராபின்சன் 1997 வரை அதே கல்லூரியில் இருந்து 408 வெற்றி பெற்றார். அவர் தொழில்முறைக்கு அனுப்பிய மாணவர்கள் 200க்கும் மேல்.

எந்த இடத்தில் நிற்க வைப்பது?

கதவு திறந்தும் ஒரு அறை மட்டும் பூட்டியே கிடந்தது. குவார்ட்டர்பேக் என்ற அந்த மூளை வேலைக்குக் கறுப்பினத்தவர் லாயக்கில்லை என்ற எண்ணம் என்.எஃப்.எல்.லில் ஊறிப்போயிருந்தது. கல்லூரியில் பிரமாதமாக குவார்ட்டர்பேக் ஆடியவனைக்கூட, "நீ வேகமா ஓடறே, பின்வரிசைக்குப் போ" என்று மாற்றிவிடுவார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் குவார்ட்டர்பேக்காக இருந்த டோனி டஞ்சியை 1977இல் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. அவர் என்.எஃப்.எல்.லில் ஆடியது தடுப்பாட்டத்தில். வாரன் மூன் 1978இல் கனடாவுக்கே போய் 5 கோப்பைகள் ஜெயித்துக் காட்டிவிட்டுத்தான் திரும்பி வந்தார். பின்னாளில் அவரும் கீர்த்தி மண்டபம் சேர்ந்தார்.

ராபின்சன் இதை ஒரு திட்டமாகவே எடுத்துக்கொண்டார். ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற பையனைத் தொழில்முறை குவார்ட்டர்பேக் என்னென்ன செய்யவேண்டுமோ அத்தனையும் சொல்லிக்கொடுத்து வளர்த்தார். வேறு இடத்துக்கு மாறமாட்டேன் என்று பையனும் உறுதியாக இருந்தான். அதற்குக் கொடுத்த விலை, 1969 டிராஃப்டில் 8ஆம் சுற்று வரை காத்திருந்தது. மனசு வெறுத்துப்போன பையனைத் தேற்றி பஃபலோ டீமுக்கு அனுப்பிவைத்தார் ராபின்சன். அந்த சீசனின் முதல் மேட்சிலேயே ஹாரிஸ் குவார்ட்டர்பேக்காக இறங்கினார். ஒரு கறுப்பின வீரர் சீசனின் தொடக்க மேட்சில் அந்த இடத்தில் இறங்கியது அதுவே முதல் தடவை.

அடுத்தவர் டக் வில்லியம்ஸ். 1978இல் டாம்பா பே டீம் அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது. என்.எஃப்.எல். டீம் ஒன்று குவார்ட்டர்பேக் இடத்துக்கு ஒரு கறுப்பின வீரரை முதல் சுற்றில் எடுத்ததும் அதுவே முதல். அந்த டீமுக்காகக் கிராம்ப்ளிங்குக்கே நேரில் போய்ப் பையனைப் பார்த்துவந்தவர் ஜோ கிப்ஸ். பிறகு கிப்ஸ் வாஷிங்டன் டீமுக்குத் தலைமை கோச்சாகப் போனார். 1986இல் வில்லியம்ஸையும் தன்னிடம் வரவழைத்துக்கொண்டார். 1988 ஜனவரி 31ஆம் தேதி சூப்பர் பௌல். டென்வர் 10-0 என்று முந்திவிட்டது. இரண்டாவது கால் பகுதியில் மட்டும் வில்லியம்ஸ் எறிந்த பந்துகளில் 4 டச்டவுன். டீமுக்கு 35 பாயின்ட். முடிவில் 42-10. சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அந்த ஒரு மாலைக்குப் பின்னால் ஒரு சிற்றூர்க் கல்லூரி வாத்தியாரின் 47 வருஷ உழைப்பு இருக்கிறது. 1998இல் ராபின்சனின் நாற்காலியில் உட்கார்ந்தவரும் இதே வில்லியம்ஸ்தான்.

ஜெயித்தவன் நின்றான், போனவன் ஜெயித்தான்

எல்லா கோச்சும் ராபின்சன் ஆகிவிட முடியுமா? பெரிய பல்கலைக்கழக கோச்சுக்குச் சம்பளம் தருவது சனிக்கிழமை வெற்றி. பையனின் ஞாயிற்றுக்கிழமைக்கு அதில் இடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதற்கு என் கண்ணில் பட்ட சரியான உதாரணம் ஓக்லஹோமா பல்கலைக்கழகம்.

1968இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 'விஷ்போன்' என்ற ஆட்டமுறை பிறந்தது. குவார்ட்டர்பேக் பந்தை எறிவது அபூர்வம். எதிராளி வருகிற திசையைப் பார்த்துத் தானே ஓடுவான் அல்லது பக்கத்தில் ஓடிவருபவனுக்குத் தட்டிவிடுவான். கல்லூரியில் இது எதிரிகளைச் சின்னாபின்னப்படுத்தியது. ஓக்லஹோமா கோச் பாரி ஸ்விட்சர் இதில் மன்னர். ஆனால் என்.எஃப்.எல்.லில் தடுப்பவர்கள் எல்லாம் அசுர வேகம். பெரும் சம்பளம் கொடுத்து வாங்கிய குவார்ட்டர்பேக்கை எந்த முதலாளியும் அடி வாங்க ஓடவிடமாட்டார். அங்கே வேண்டியது, நின்ற இடத்தில் நின்று, எதிர்த்தரப்பைப் படித்து, துல்லியமாக எறிகிறவன்.

ஸ்விட்சரிடம் டிராய் எய்க்மன் என்று ஒரு பையன் சேர்ந்தான். அருமையாக எறிவான், ஓட்டம் சுமார். 1985 அக்டோபரில் மயாமி பல்கலைக்கழகத்துடன் ஆடும்போது காலில் எலும்பு முறிந்தது. அவன் இடத்துக்கு வந்த ஜமெல் ஹாலிவே முதலாண்டு மாணவன், விஷ்போனுக்கென்றே பிறந்தவன். ஸ்விட்சர் பழையபடி விஷ்போனுக்கே திரும்பினார். அந்த வருஷம் ஓக்லஹோமா தேசிய சாம்பியன்!

எய்க்மன் என்ன செய்வான்? கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ.வுக்கு மாறினான். இங்கே ஸ்விட்சரைப் பாராட்ட வேண்டும். 'இவன் என் ஆட்டத்துக்குத் தோதான பையனில்லை' என்று ஒப்புக்கொண்டு, அந்த ஊர்க் கோச்சிடம் தானே பேசி அனுப்பிவைத்தார். யு.சி.எல்.ஏ. கோச் டெரி டோனஹ்யூ எறியாட்டக்காரர். 1989 டிராஃப்டில் நாட்டிலேயே முதல் ஆளாக டாலஸ் டீம் எய்க்மனை எடுத்தது. எடுத்த கோச் யார் தெரியுமா? எய்க்மன் கால் முறிந்த அன்று எதிர்வரிசையில் நின்ற மயாமி கோச் ஜிம்மி ஜான்சன்! எய்க்மன் 3 சூப்பர் பௌல் ஜெயித்தார். 1996 ஜனவரியில் மூன்றாவதை ஜெயித்தபோது டாலஸ் கோச்சாக இருந்தவர், அதே பாரி ஸ்விட்சர். சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம்.

தேசியக் கோப்பையை வாங்கித் தந்த ஹாலிவே? தொழில்முறை ஆட்டத்தில் அவர் நிலைக்கவில்லை. அவர் திறமை குறைந்தவர் அல்ல. அவர் கற்ற வித்தைக்கு வெளியில் சந்தை இல்லை. நெப்ராஸ்காவின் எரிக் கிரவுச் 2001இல் ஹைஸ்மன் கோப்பையே வாங்கினார். அடுத்த வருஷம் என்.எஃப்.எல். அவரைப் பந்து பிடிக்கிறவராக மாற்ற நினைத்தது. குவார்ட்டர்பேக்காக அங்கே ஒரு மேட்ச்கூட ஆடக் கிடைக்கவில்லை.

ஓடுகிற ஆட்டம் மட்டும்தான் ஏமாற்றும் என்று நினைத்துவிடாதீர்கள். எறிகிற ஆட்டமும் ஏமாற்றும். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் எதற்கெடுத்தாலும் எறிகிற ஒரு முறை. 1989இல் ஆண்ட்ரே வேர் 46 டச்டவுன் எறிந்து ஹைஸ்மன் வாங்கினார். 1990இல் டேவிட் கிளிங்லர் 54. அதில் ஒரே மேட்சில் 11! இருவரையும் முதல் சுற்றிலேயே எடுத்தார்கள். இருவருமே எதிர்பார்த்த உயரத்தைத் தொடவில்லை. எண்கள் பையனுடையவையா, கோச்சின் முறையுடையவையா என்று பிரித்துப் பார்க்க அன்று பலருக்குத் தெரியவில்லை.

மறுபக்கமும் சொல்லவேண்டும். எந்த முறையில் ஆடினாலும் மேலே வந்துவிடுகிற பிறவிகளும் உண்டு. ஜார்ஜியா டெக் கல்லூரியில் பந்தை எறிவதே அபூர்வம். அங்கே பந்து பிடிக்கிறவராக இருந்த டிமேரியஸ் தாமஸை 2010இல் டென்வர் முதல் சுற்றில் எடுத்தது. அதே சுற்றில், அதே டென்வர், ஃப்ளோரிடாவின் புகழ்பெற்ற ஓட்டக்கார குவார்ட்டர்பேக் டிம் டீபோவையும் எடுத்தது. 2012 ஜனவரியில் டீபோ எறிய, தாமஸ் பிடித்து ஓடி, 80 கஜ டச்டவுனோடு ஒரு பெரிய மேட்சை முடித்துவைத்தார்கள். அந்த வருஷமே டீபோவின் என்.எஃப்.எல். காலம் முடிந்துபோனது; தாமஸோ 2016இல் சூப்பர் பௌல் ஜெயித்த டீமில் இருந்தார். குவார்ட்டர்பேக்குக்கு முறை முக்கியம். மற்ற இடங்களில் உடற்திறன் ஓரளவு காப்பாற்றிவிடுகிறது.

ஒரே வருஷத்தில் தலைகீழாக

நல்ல கோச் வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சமீபத்திய உதாரணம், ராபின்சன் கூலி வேலை பார்த்த அதே பேட்டன் ரூஜ் நகரத்தில் நடந்தது. அங்கே இருக்கிறது லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம். ஒஹாயோ ஸ்டேட்டில் இடம் கிடைக்காத ஜோ பர்ரோ 2018இல் இங்கே வந்தார். அந்த சீசனில் 16 டச்டவுன் எறிந்தார். யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2019இல் ஜோ பிரேடி என்ற இளம் கோச்சை, நியூ ஆர்லியன்ஸ் என்.எஃப்.எல். டீமிலிருந்து கல்லூரி கூட்டிவந்தது. தொழில்முறையில் ஆடுகிற எறியாட்டத்தை அவர் அப்படியே கொண்டுவந்தார். பர்ரோ அந்த சீசனில் எறிந்தது 60! டீம் 15 மேட்சும் ஜெயித்தது. 2020 டிராஃப்டில் முதல் ஆள் பர்ரோ. அந்த ஒரே டிராஃப்டில் அந்தக் கல்லூரியிலிருந்து 14 பேர் போனார்கள். அதே பையன், அதே கை. மாறியது சொல்லிக்கொடுத்த முறையும், கூட ஆடியவர்களின் முதிர்ச்சியும்.

அலபாமா பல்கலைக்கழகத்தில் 2007 முதல் 2023 வரை இருந்த நிக் சேபனும் என்.எஃப்.எல்.லில் வேலை பார்த்துத் திரும்பியவர்தான். அவரிடம் ஆடி முதல் சுற்றிலேயே போனவர்கள் 40க்கும் மேல். கடைசிக் காலத்தில் அவருடைய சம்பளம் வருஷத்துக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல். திறமையான பையன்களே அவரைத் தேடி வந்தார்கள் என்பதும் உண்மை. வந்தவர்களை அவர் ஞாயிற்றுக்கிழமைக்குத் தயார் செய்தார் என்பதும் உண்மை.

மீதி 98 பேர்

இவ்வளவும் சொன்னபின் ஒரு கணக்கு. கல்லூரியில் ஃபுட்பால் ஆடுகிறவர்களில் என்.எஃப்.எல். போய்ச் சேருபவர்கள் 2 சதவீதம்கூட இல்லை என்று என்.சி.ஏ.ஏ.வே சொல்கிறது. போனவர்களிலும் பெரும்பாலோர் மூன்று நாலு வருஷத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். ஆகவே கோச் பையனின் பிழைப்புக்கு என்ன செய்தார் என்று கேட்கும்போது, மீதி 98 பேரையும் சேர்த்துத்தான் கேட்கவேண்டும்.

இந்த இடத்தில் வரலாறு அவ்வளவு அழகாக இல்லை. 1973 முதல் ஸ்காலர்ஷிப் ஒரு வருஷத்துக்கு மட்டும். அடுத்த வருஷம் புதுப்பிப்பதும் நிறுத்துவதும் கோச் கையில். பல வருஷத்துக்குச் சேர்த்துத் தரலாம் என்று விதி மாறியது 2012இல்தான். கோச் நினைத்தால் ராத்திரியோடு ராத்திரியாக வேறு கல்லூரிக்குப் போய்விடலாம். பையன் போனால் ஒரு வருஷம் மைதானத்தில் இறங்காமல் உட்காரவேண்டும். 2021இல் அதுவும் தளர்ந்தது. அதே வருஷம், பையன்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025இல் ஒரு நீதிமன்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கவும் ஆரம்பித்தன. எய்க்மன் காலத்தில் கோச்சின் தயவால் கிடைத்த மாற்றல், இப்போது ஓரளவு உரிமையாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் வருஷம் ஒரு கல்லூரி மாறுகிற பையன் பட்டம் எங்கே வாங்குவான் என்ற கவலையும் கூடவே வந்திருக்கிறது.

ராபின்சன் காலையில் ஹாஸ்டலில் மாட்டுமணியை ஆட்டிக்கொண்டு அறை அறையாகப் போவாராம். ப்ராக்டிஸுக்கு அல்ல, முதல் வகுப்புக்கு எழுப்ப! வெளியூர் போனால் கோட்டு, டை கட்டாயம். அவரிடம் ஆடியவர்களில் மிகப் பெரும்பாலோர் பட்டம் வாங்கினார்கள். 200 பேரை என்.எஃப்.எல்.லுக்கு அனுப்பியவர், மற்றவர்களை ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் கோச்சுகளாகவும் அனுப்பினார்.

நம் நண்பர்கள் யாருடைய பேரனாவது இந்த ஆட்டத்தில் தேறி, கல்லூரி கோச் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றால், அவர் எத்தனை கோப்பை ஜெயித்தார் என்று கேட்கவேண்டாம். அது பேப்பரிலேயே இருக்கும். என் பையனை எந்த இடத்தில் ஆடவைப்பீர்கள், அந்த இடத்துக்கு வெளியில் மதிப்பு உண்டா என்று கேளுங்கள். கால் முறிந்தால் ஸ்காலர்ஷிப் நிற்குமா, நீங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டால் இவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். கடைசியாக, பத்து வருஷத்துக்கு முன்னால் உங்களிடம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஒரு பையன் இப்போது என்ன செய்கிறான் என்று கேளுங்கள். அவன் பெயரையும் வேலையையும் உடனே சொல்லத் தெரிந்த கோச்சிடம் பையனைத் தைரியமாக ஒப்படைக்கலாம்.